லாரன்ஸ் அந்தக் கடிதத்தை யாரிடம் கொடுத்தார்?

ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ரோமியோவும் ஜூலியட்டும் ஏன் இறந்தார்கள் என்று யாரைக் கேட்டாலும், சுற்றி வளைத்துக் கடைசியில் கடிதத்தில் வந்து நிற்பார்கள். துறவி லாரன்ஸ் எழுதிய கடிதம், நாடுகடத்தப்பட்டு மாண்டுவா என்ற ஊரில் இருந்த ரோமியோவின் கைக்குக் கிடைத்திருந்தால், ஜூலியட் சாகவில்லை, மருந்தின் மயக்கத்தில்தான் கிடக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். விஷம் வாங்கியிருக்க மாட்டான். அவள் கண் விழிக்கும்போது பக்கத்தில் இருந்திருப்பான். கடிதம் கிடைக்கவில்லை, விதி. ஆங்கில இலக்கியம் படிக்கும் என் அக்கா மகள் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது இதையேதான் சொன்னாள். இந்த நாடகத்தின் துயர முடிவுக்குக் காரணம் விதியா, பாத்திரங்களின் செயலா என்பது அடிக்கடி வரும் கேள்வியாம். அவள் குறிப்பேட்டில் விதிக்குச் சில காரணங்கள், செயலுக்குச் சில காரணங்கள், கடைசியில் ‘இரண்டும் கலந்தே’ என்று ஒரு முடிவு. “இப்படி எழுதினால்தான், சித்தி, முழு மதிப்பெண் போடுவார்கள்” என்றாள். மதிப்பெண் கிடைக்கட்டும். ஆனால் அந்த ‘இரண்டும் கலந்தே’ என்னை விடவில்லை. யார் மேலும் பழி விழாமல் பார்த்துக்கொள்கிற பதில் அது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி கல்லறைக்குள் தன் மார்பில் கத்தியை இறக்கிக்கொள்கிறாள். அதற்கு இவ்வளவு சாதுவான ஒரு பதிலா?

எனக்கு இதில் இவ்வளவு சூடு ஏறுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் உறவில் ஒரு பெண். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே கல்யாணம் பேசி முடித்தார்கள். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு. மாப்பிள்ளைக்கு அப்போது லீவு கிடைக்காது என்று தெரிந்ததும் ஆவணிக்கே இழுத்துக்கொண்டார்கள். பையனைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும் என்று அவளுடைய தாய்மாமன் சொன்னதற்கு நேரம் இல்லாமல் போயிற்று. பிறகு அவள் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கூடத்தில் பெரியவர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து, “அவள் தலையில் அப்படி எழுதியிருக்கிறது, யார் என்ன செய்ய முடியும்” என்று பேசிக்கொண்டார்கள். முகூர்த்தத்தை முன்னுக்கு இழுத்த கைகள் அந்தக் கூடத்திலேயே காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் அடுப்படி வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விதி என்று யாராவது சொன்னால், அதற்கு முந்தைய நாள் அங்கே யார் என்ன செய்தார்கள் என்று தேடும் பழக்கம் அன்றைக்கு எனக்கு வந்தது. அந்தப் பழக்கத்தோடுதான் ஷேக்ஸ்பியரை மறுபடி எடுத்து, அவசரம் இல்லாமல், யார் எப்போது எதைத் தீர்மானிக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டே படித்தேன்.

வானத்தைக் கூப்பிடும் நேரம்

விதிக் கட்சிக்கு முதல் சாட்சி நாடகத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. நம் கூத்தில் கட்டியக்காரன் வருவதுபோல ஒருவர் வந்து, நட்சத்திரங்கள் குறுக்கே நின்ற காதலர்கள், சாவின் அடையாளம் விழுந்த காதல் என்று முடிவையே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். ஆசிரியரே சொன்ன பிறகு அப்பீல் ஏது என்று தோன்றும். ஆனால் 1597, 1599 பதிப்புகளில் உள்ள இந்த முன்னுரைப் பாட்டு, 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பில் அச்சாகவில்லை. அந்தத் தொகுப்பைக் கையில் எடுத்தவருக்கு நாடகம் வானத்தில் தொடங்காது, தெருவில் தொடங்கும். ஜூலியட்டின் குடும்பமான கப்யூலெட் வீட்டு வேலையாட்கள் இரண்டு பேர் வாளும் கேடயமுமாக வருகிறார்கள். அவர்களுக்குப் பகையான, ரோமியோவின் குடும்பமான மாண்டேக் வீட்டு ஆட்களைக் கண்டதும் ஒருவன் கட்டைவிரலைக் கடித்துக் காட்டுகிறான்; வம்புக்கு இழுக்கும் சைகை. எங்களைப் பார்த்தா செய்தாய் என்று அவர்கள் கேட்டதும், ஆமாம் என்று சொன்னால் சட்டம் நம் பக்கம் இருக்குமா என்று கூட்டாளியிடம் கிசுகிசுக்கிறான். இருக்காது என்கிறான் அவன். உடனே, “உங்களைப் பார்த்து இல்லை, ஆனால் கடித்தேன்” என்று பதில் வருகிறது. நான் இந்த நாடகத்தில் பார்க்கிற முதல் முடிவு இதுதான். முழுக் கணக்கோடு, பின்வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு எடுத்த முடிவு.

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட நெடுங்கவிதையிலிருந்து. புரூக் தன் முன்னுரையில் குற்றத்தைத் தயங்காமல் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார். ஒழுக்கமற்ற ஆசைக்கு அடிமையானார்கள், பெற்றோர் சொல்லையும் பெரியோர் யோசனையையும் தள்ளினார்கள், குடிகார வம்புக்காரிகளையும் மூடநம்பிக்கைத் துறவிகளையும் நம்பினார்கள், அதனால் கெட்டார்கள் என்று எழுதுகிறார். ஷேக்ஸ்பியர் அந்தப் பிரசங்கத்தைத் தொடவே இல்லை. புரூக்கில் மாதக்கணக்கில் நடக்கும் கதையை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தொடங்கி அந்த வாரம் கழிவதற்குள் முடித்துவிட்டார். பதினாறு வயதுப் பெண்ணை, பதினான்கு நிரம்பாத பெண்ணாக்கினார். பிள்ளைகளிடமிருந்து எடுத்த பழியை அவர் நட்சத்திரங்களிடம் கொடுத்துவிட்டார் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலத்தை இப்படி இறுக்கியதால், இந்தக் கதையில் யாருக்கும் ஒரு முடிவின் மேல் ஒரு இரவு படுத்துத் தூங்கி எழ முடிவதில்லை. அந்த இரவை ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பிடுங்கிக்கொள்கிறார். பிடுங்கியது யார் என்று பார்த்தால், பாதிக்கு மேல் பெரியவர்கள்.

நட்சத்திரமும் விதியும் எந்த நேரத்தில் வாயில் வருகின்றன என்று கவனியுங்கள். ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ செத்துப்போகிறான். அவனைக் குத்திய டிபால்ட், ஜூலியட்டின் மாமன் மகன், திரும்பி வருகிறான். “பொறுமை வானத்துக்குப் போகட்டும், கண்ணில் தீயோடு சினமே இனி என்னை நடத்தட்டும்” என்று தன் வாயாலேயே அறிவித்துவிட்டு ரோமியோ வாளை உருவுகிறான். டிபால்ட் விழுகிறான். ஓடு, திகைத்து நிற்காதே என்று இன்னொரு நண்பன் பென்வோலியோ கத்துகிறான். அப்போதுதான் ரோமியோ, “ஐயோ, விதி என்னை முட்டாளாக்கிவிட்டதே” என்று அலறுகிறான். இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஒரு சண்டைதான் இருக்கிறது. சண்டைக்கு முன்னால் சினத்தை வழிகாட்டியாக அமர்த்தியவன் அவன். சண்டை முடிந்ததும் செய்தது விதி. அவன் வருந்துவது பொய் என்று நான் சொல்லவில்லை. நடந்ததைத் தாங்க முடியாத நேரத்தில் மனிதன் பிடித்துக்கொள்கிற கம்பு அது.

இதற்கு அடங்காத ஓர் இடமும் உண்டு. கப்யூலெட் வீட்டு விருந்துக்குப் போகும் வழியில், எதுவும் நடப்பதற்கு முன்னாலேயே, நட்சத்திரங்களில் தொங்கிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று இன்றிரவு தொடங்கி என் அகால மரணத்தில் முடியும் என்று மனம் சொல்கிறது என்கிறான் ரோமியோ. இது செயலுக்குப் பிறகு வரும் புலம்பல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த மூச்சில் அவன் சொல்வதையும் படிக்க வேண்டும்: என் சுக்கானைப் பிடித்திருப்பவன் பாயைத் திருப்பட்டும், நடங்கள் நண்பர்களே. மனம் எச்சரித்தது, அவன் சுக்கானை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அந்த விருந்து இருப்பதே அவனுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. அழைப்புப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு புறப்பட்ட வேலைக்காரனுக்குப் படிக்கத் தெரியாது. தெருவில் எதிர்ப்பட்ட ரோமியோவிடமே படித்துக் காட்டச் சொல்கிறான். அதில், அதுவரை அவன் காதலித்துக்கொண்டிருந்த ரோசலினின் பெயர் இருக்கிறது. சுத்தமான தற்செயல், மறுக்க ஒன்றும் இல்லை. போவதா வேண்டாமா என்பது மட்டும் அந்தப் பட்டியலில் எழுதியிருக்கவில்லை.

கப்யூலெட் வீட்டுச் சமையல்கட்டு

எனக்கு மிகவும் வலிக்கிற இடம், கத்தியோ விஷமோ வரும் காட்சி இல்லை. ஒரு தகப்பன் சந்தோஷத்தில் ஒரு வேலை செய்கிறாரே, அந்த இடம்.

கப்யூலெட் கெட்டவர் இல்லை. முதலில் பாரிஸ் என்ற இளம் பிரபு ஜூலியட்டைப் பெண் கேட்டு வரும்போது, இன்னும் இரண்டு கோடை போகட்டும், அதன் பிறகு பார்க்கலாம், என் சம்மதம் அவள் சம்மதத்தில் ஒரு பகுதிதான் என்று சொல்கிற மனிதர். விருந்தில் ரோமியோவை அடையாளம் கண்டு டிபால்ட் கொதிக்கும்போது, விடு, நல்ல பிள்ளை என்று நம் வெரோனா ஊரே அவனைச் சொல்கிறது, என் வீட்டில் அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று அடக்குகிறவரும் அவர்தான். அந்த மனிதர் டிபால்ட் செத்த அன்று இரவு, துக்க வீட்டில், இன்றைக்கு என்ன கிழமை என்று பாரிஸிடம் கேட்கிறார். திங்கள் என்கிறான். புதன் ரொம்ப அவசரம், வியாழன் வைத்துக்கொள்வோம் என்று முடித்துவிடுகிறார். இரண்டு கோடை என்று சொன்ன வாய், மூன்று நாள் என்று சொல்கிறது. மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாரன்ஸ் அவளுக்கும் ரோமியோவுக்கும் ரகசியமாக மணம் செய்து வைத்துவிட்டது அவருக்குத் தெரியாது. மறுநாள் விடியலில் அவள் மறுத்ததும், தூக்கில் தொங்கு, பிச்சை எடு, பட்டினி கிட, தெருவில் செத்துப்போ என்று கத்துகிறார். தாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பால் கொடுத்து வளர்த்த செவிலித்தாய், போனவன் போகட்டும், பாரிஸையே கட்டிக்கொள் என்கிறாள். அந்த அறையில் அந்தப் பெண்ணுக்கு ஆள் இல்லாமல் போகிறது. எல்லாம் ஒரே காலைப் பொழுதில்.

அவள் லாரன்ஸிடம் ஓடுகிறாள். அவர் மருந்துக் குப்பியைக் கொடுக்கிறார். நாளை புதன், நாளை இரவு தனியாகப் படுத்து இதைக் குடி, நாற்பத்திரண்டு மணி நேரம் பிணம்போலக் கிடப்பாய், அதற்குள் ரோமியோவுக்குக் கடிதம் போய் அவன் வந்துவிடுவான் என்பது திட்டம். வியாழக்கிழமைக் கல்யாணத்தை வைத்துப் போட்ட கணக்கு. வீட்டுக்குத் திரும்பி, தகப்பன் காலில் விழுந்து, இனி உங்கள் சொல்படி நடப்பேன் என்று நடிக்கிறாள் ஜூலியட். கிழவருக்குத் தலைகால் புரியவில்லை. பாரிஸுக்குச் சொல்லி அனுப்புங்கள், நாளைக் காலையிலேயே முடிச்சைப் போட்டுவிடுவோம் என்று குதிக்கிறார். அவர் மனைவி தடுக்கிறாள். வியாழன் வரை நேரம் இருக்கிறதே, பொழுது சாய்ந்துவிட்டது, சாமான் போதாது என்கிறாள். அவர் கேட்பதாயில்லை. நீ போய் மகளைக் கவனி, நான் இன்று தூங்கப்போவதில்லை, இந்த ஒரு தடவை நானே இந்த வீட்டுக்கு இல்லத்தரசியாக இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

அன்று இரவு சமையல்கட்டைக் காட்டுகிறார் ஷேக்ஸ்பியர். மணி மூன்று அடிக்கிறது. பேரீச்சம்பழம் கேட்கிறார்கள். காய்ந்த விறகாகப் பார்த்து எடுத்து வரச் சொல்லி கிழவர் ஆளை விரட்டுகிறார். பணியாரங்களைப் பார், செலவைப் பற்றிக் கவலைப்படாதே என்று உற்சாகமாக உத்தரவு போடுகிறார். இப்படித் தூங்காமல் கிடந்தால் நாளை உடம்பு முடியாமல் போய்விடும், போய்ப் படுங்கள் என்று செவிலி கிண்டலாக அதட்டுகிறாள். கல்யாண வீட்டின் முதல் நாள் இரவை அறிந்தவர்களுக்கு அந்த வாசனை எல்லாம் தெரியும். மாடியில், அதே நேரத்தில், அவர் மகள் குப்பியைக் காலிசெய்துவிட்டு விறைத்துக் கிடக்கிறாள். அவர் ஒரு நாள் முன்னுக்கு இழுத்ததால் அவளும் மருந்தை ஒரு நாள் முன்னதாகக் குடிக்க வேண்டியதாயிற்று. கடிதத்துக்கு இருந்த நேரத்தில் ஒரு முழு நாள் அந்தச் சமையல்கட்டில் போயிற்று. விதியின் பேச்சே அந்தக் காட்சியில் இல்லை. காலையில் செவிலியின் அலறல் கேட்ட பிறகுதான் சபிக்கப்பட்ட நாள், பாழாய்ப்போன நேரம் என்று காலத்தைத் திட்டத் தொடங்குகிறார்கள்.

பால்தசார்

இனி கடிதத்துக்கு வருகிறேன். என்னை உட்கார விடாமல் அடித்த இடம் இது. இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

டிபால்டைக் கொன்றதற்காக நாடுகடத்தல் தீர்ப்பு வந்த திங்கள் இரவு, தரையில் புரண்டு அழும் ரோமியோவைத் தேற்றி அனுப்பும்போது லாரன்ஸ் ஒரு வாக்குக் கொடுக்கிறார். நீ மாண்டுவாவில் இரு. உன் ஆளை நான் தேடிப் பிடித்து, இங்கே நடக்கும் நல்லதை எல்லாம் அவ்வப்போது அவன் மூலம் உனக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்கிறார். ரோமியோவின் ஆள் என்றால் பால்தசார். யார் தூது போக வேண்டும் என்பது அன்றைக்கே பேசி முடிந்த விஷயம். மறுநாள் ஜூலியட் கையில் குப்பியைக் கொடுக்கும்போது லாரன்ஸ் சொல்வது வேறு: ஒரு துறவியை விரைவாக மாண்டுவாவுக்கு அனுப்பி உன் கணவனிடம் என் கடிதத்தைச் சேர்ப்பிக்கிறேன். பால்தசாரின் பேச்சே இல்லை. ஏன் மாற்றினார் என்று நாடகத்தில் காரணம் எதுவும் இல்லை.

ஜான் என்ற துறவி கடிதத்தோடு புறப்படுகிறார். வழித்துணைக்குத் தன் சபையைச் சேர்ந்த இன்னொரு துறவியைத் தேடிப் போகிறார். அந்தத் துறவி ஊருக்குள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருவரும் கொள்ளைநோய் கண்ட வீட்டில் இருந்ததாகச் சந்தேகப்பட்டு, நகரத்துச் சோதனையாளர்கள் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். லண்டனில் 1592 முதல் 1594 வரை கொள்ளைநோயால் நாடகக் கொட்டகைகளைப் பெரும்பாலும் மூடியே வைத்திருந்தார்கள். நோய் கண்ட வீடுகளை ஆட்களோடு சேர்த்து அடைத்தார்கள். அதன் பிறகு சில வருடங்களுக்குள் வந்த நாடகத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் கதவை விளக்க வேண்டியிருந்திருக்காது. 2020இல் வாசலில் தகரம் அடித்த வீடுகளைப் பார்த்த நமக்கும் வேண்டியதில்லை. ஜானுக்கு நேர்ந்தது தற்செயல். விதிக்கு இந்த நாடகத்தில் ஒரு வரவு வைக்க வேண்டும் என்றால் இங்கே வைப்பேன், கணக்கை மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்த நேரத்தில் பால்தசார் எங்கே இருந்தான்? வெரோனாவில் இருந்தான். கப்யூலெட் குடும்பத்துக் கல்லறையில் ஜூலியட்டைக் கொண்டுபோய் வைப்பதைக் கண்ணால் பார்த்தான். பார்த்த உடனே குதிரை ஏறி மாண்டுவாவுக்குப் பறந்தான். கொள்ளைநோய் அவனைத் தடுக்கவில்லை, எந்தக் கதவும் அவனுக்கு அடைபடவில்லை. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய அதே ஆள், பொய்யை உண்மை என்று நம்பி, விசுவாசத்தோடு, வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தான். லாரன்ஸ் தன் வாக்குப்படி அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த நாடகம் கல்லறையில் முடிந்திருக்காது. கடிதம் கூட வேண்டாம்.

ஏன் சொல்லவில்லை? என் ஊகம் இது: லாரன்ஸுக்கு ரகசியம் பழகிவிட்டது. கல்யாணத்தை ரகசியமாகச் செய்து வைத்தார், இரண்டு குடும்பத்துப் பகையையும் அது தீர்த்துவிடும் என்ற நல்லெண்ணத்தோடு. செவ்வாய்க்கிழமை ஜூலியட் கத்தியோடு வந்து நின்றபோது, நான்தான் தாலி கட்டி வைத்தேன் என்று கப்யூலெட்டிடமோ வெரோனாவின் இளவரசனிடமோ அவர் போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குத் தைரியம் வேண்டும், தன் பெயர் கெடும், ரோமியோவின் கதி என்ன ஆகும் என்ற பயமும் நியாயமாக இருந்திருக்கும். அவர் பதினான்கு நிரம்பாத பெண்ணுக்குப் பிணமாக நடிக்க மருந்து கொடுத்தார். இப்படி ஒரு ரகசியத்தை இன்னொரு ரகசியத்தால் மூடிக்கொண்டே போகிறவருக்கு வேலைக்காரனிடம் உண்மையைச் சொல்ல மனம் வந்திருக்காது; தன் சபைத் துறவிதான் கண்ணுக்குத் தெரிந்திருப்பார். இதை நாடகத்தில் உள்ளவர்களில் ஜூலியட் மட்டும் மோப்பம் பிடித்துவிட்டாள். குப்பியைக் குடிக்கும் முன், எங்களுக்கு மணம் செய்து வைத்த அவமானம் வெளியே வந்துவிடும் என்று இந்தத் துறவி எனக்கு விஷத்தையே கொடுத்திருந்தால் என்று கேட்டுக்கொள்கிறாள். இல்லை, அவர் புனிதமானவர் என்று எப்போதும் அறியப்பட்டவர் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். அது மட்டும் இல்லை: மருந்து வேலை செய்யாவிட்டால் பக்கத்தில் கத்தி, சீக்கிரம் விழித்துவிட்டால் மூச்சு முட்டுமா, டிபால்டின் பிணத்துக்குப் பக்கத்தில் பைத்தியம் பிடிக்குமா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறாள். எல்லாவற்றையும் எண்ணிய பிறகு குடிக்கிறாள். இந்த நாடகத்தில் தான் எடுக்கும் முடிவின் விலையை முழுவதுமாக எண்ணிப் பார்த்து எடுக்கிறவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அந்த அறையில் அவளோடு ஒரு பெரியவர் கூட இல்லை.

“போகட்டும்”

மாண்டுவாவில் செய்தி கேட்டதும் ரோமியோ, “அப்படியா? நட்சத்திரங்களே, உங்களை எதிர்க்கிறேன்” என்கிறான். மேடையில் நடிகர்கள் இந்த வரியை வானத்தைப் பார்த்து முழங்குவார்கள். எனக்கு அதற்குச் சற்றுப் பின்னால் வரும் சின்னப் பேச்சுதான் காதில் நிற்கிறது. குதிரை அமர்த்து, இன்றிரவே புறப்படுகிறேன் என்கிறான். ஐயா, பொறுங்கள், உங்கள் முகம் வெளிறி வெறிபிடித்ததுபோல இருக்கிறது, ஏதோ விபரீதம் நடக்கும்போல் தெரிகிறது என்று கெஞ்சுகிறான் பால்தசார். நீ தவறாக நினைக்கிறாய், சொன்னதைச் செய் என்கிறான் ரோமியோ. பிறகு கேட்கிறான்: “துறவியிடமிருந்து எனக்குக் கடிதம் எதுவும் இல்லையா?” “இல்லை ஐயா.” “போகட்டும்.”

கடிதம் வர வேண்டும் என்பது அவனுக்கு நினைவு இருக்கிறது. மனத்தில் ஒரு மூலை, செய்தியை முழுதாக நம்பாமல், லாரன்ஸின் வார்த்தைக்குக் காத்திருக்கிறது. அந்த மூலையை ஒரு சொல்லால் மூடிவிடுகிறான். அந்தப் பையனைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் இல்லை. மனைவி செத்தாள் என்று கேட்ட கணத்தில் யாருக்குத்தான் நிதானம் இருக்கும்? ஆனால் விதி அந்த இடத்தில் அவன் கையைப் பிடித்து இழுத்ததாக மட்டும் சொல்லாதீர்கள். ஓர் இரவு பொறு என்று சொல்ல அங்கே ஒருவன் இருந்தான். அவன் வேலைக்காரன், அவ்வளவுதான்.

பிறகு அந்த ஏழை மருந்துக்கடைக்காரன். மாண்டுவாவில் விஷம் விற்றால் மரண தண்டனை. எலும்பும் தோலுமாக நிற்கிறவன் முன்னால் நாற்பது டுகாட் பொன்னை நீட்டுகிறான் ரோமியோ. “என் வறுமை சம்மதிக்கிறது, என் விருப்பம் இல்லை” என்கிறான் அவன். “உன் வறுமைக்குத்தான் கொடுக்கிறேன், உன் விருப்பத்துக்கு இல்லை” என்று பதில் வருகிறது. வேறு வழியில்லை என்று நிஜமாகவே சொல்லத் தகுதியுள்ள ஒருவன் இந்த நாடகத்தில் இருக்கிறான் என்றால் அது இவன்தான். அவன் நட்சத்திரத்தைக் கூப்பிடவில்லை, வயிற்றைச் சொல்கிறான். புரூக்கின் கவிதையில் இவனைத் தூக்கில் போடுகிறார்கள், செவிலியை நாடுகடத்துகிறார்கள், லாரன்ஸை விட்டுவிடுகிறார்கள். ஏதோ ஒரு குடிசையில் தவம் செய்து கண்ணியமாக முடிகிறார். ஷேக்ஸ்பியர் சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை என்று மட்டும் இளவரசனைச் சொல்ல வைத்துவிட்டு, யாருக்கு எது என்பதைச் சொல்லாமல் விட்டார்.

கல்லறைக்கு லாரன்ஸ் வந்து சேரும்போது, இன்றிரவு என் கிழட்டுக் கால்கள் எத்தனை முறை கல்லறைகளில் தடுக்கின என்று முனகுகிறார். கல்யாணத்துக்கு முன்னால், மெதுவாகப் போ, ஓடுகிறவன் தடுக்கி விழுவான் என்று ரோமியோவுக்கு உபதேசித்தவர் அவர்தான். ரோமியோ செத்துக் கிடக்கிறான். ஜூலியட் விழிக்கிறாள். “நாம் எதிர்க்க முடியாத ஒரு பெரிய சக்தி நம் எண்ணங்களைக் கெடுத்துவிட்டது” என்று அவளிடம் சொல்கிறார். வா, உன்னைக் கன்னிமாடத்தில் சேர்த்துவிடுகிறேன், கேள்வி கேட்காதே, காவலர்கள் வருகிறார்கள் என்கிறார். வெளியே சத்தம் கேட்கிறது. இதற்கு மேல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை என்று சொல்லி அவளை விட்டுவிட்டுப் போய்விடுகிறார். கணவன் பிணத்தோடும், கத்தியோடும். பெரிய சக்தி என்று சொன்ன வாய் மூடுவதற்குள் எடுத்த முடிவு அது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். பிடிபட்டால் பிடிபடட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். எந்தக் கிரகமும் அதைத் தடுக்கவில்லை. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் கூடமும் காபி டம்ளர்களும் என் முன்னால் வந்துவிடுகின்றன. கோபம் அடங்க நேரமாகிறது.

காவலர்கள் அவரைப் பிடித்து வருகிறார்கள். இளவரசன் முன்னால் எல்லாவற்றையும் சொல்கிறார். கல்யாணம், மருந்து, கடிதம், சத்தம் கேட்டுப் பயந்து ஓடியது வரை மறைக்கவில்லை. என் தவறால் ஏதாவது கெட்டிருந்தால் இந்தக் கிழட்டு உயிரை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அந்த நேர்மைக்கு மதிப்பு உண்டு. ஆனால் கடிதத்தைப் பற்றிச் சொல்லும்போது, கொண்டுபோன ஜான் தற்செயலாகத் தடுக்கப்பட்டார் என்று முடித்துக்கொள்கிறார். உன் ஆள் மூலம் சொல்லி அனுப்புகிறேன் என்று ரோமியோவுக்குக் கொடுத்த வாக்கு அந்த நீண்ட வாக்குமூலத்தில் இல்லை. உன்னைப் புனிதமானவர் என்றே எப்போதும் அறிந்திருக்கிறோம் என்கிறான் இளவரசன், கிட்டத்தட்ட ஜூலியட் தன்னைத் தேற்றிக்கொண்ட அதே வார்த்தையில். அடுத்து ரோமியோவின் ஆள் எங்கே என்று கேட்கிறான். பால்தசார் முன்னால் வந்து, ஜூலியட் இறந்த செய்தியை எஜமானருக்குக் கொண்டுபோனது நான்தான் என்று சொல்லி, அவர் தன் தகப்பனாருக்கு எழுதிய கடிதத்தைக் கொடுக்கிறான். அந்தக் கடிதம் மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. துறவி உனக்கு ஏன் எதுவும் சொல்லவில்லை என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. லாரன்ஸ் அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறார், அவரிடமும் கேட்கவில்லை.